கன்சோங் அண்ணனும் காணாமல் போன விரலும்

மலேசியாவில், இந்த ஜொகூர் முழுக்கத் தேடினாலும் கன்சோங் அண்ணனைவிடப் பயந்த மனிதரைக் காண முடியாது. பதறுகிறவர்களை இங்கே எந்த மொழிக்காரரும் 'கன்சோங்' என்றுதான் சொல்வார்கள். இவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் பயப்படுபவற்றை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தேன்: லிஃப்ட், கேஸ் அடுப்பு, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு, தெரிந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பு. அதற்குமேல் எழுத எனக்கே பயமாகிவிட்டது.

காகிதத்தில் மட்டும் அவர் வேறு ஆள். உலு திராமில், ஒரு கடையின் மாடியில் இருந்த அனிமேஷன் அலுவலகத்தில் அவர் வரைவார். நான் கணினியில் அசைய வைப்பேன். ஐம்பதுகளின் விளம்பரங்களிலும் கார்ட்டூன்களிலும் வருமே, அந்தத் தளர்ந்த கைக்கோடு. மூக்கு முகத்துக்கு வெளியே நிற்கும். வண்ணம் கோட்டைவிட்டு நழுவிப் பக்கத்தில் கிடக்கும். கோடு, தொடங்கிய இடத்தை மறந்து வேறெங்கோ போய் நிற்கும். ஆனாலும் அவர் வரைந்த ஆள் மூச்சு விடுவான். நான் அளவெடுத்து வரைந்தவர்கள் கழிப்பறைக் கதவுப் பலகையில் நிற்கும் உருவங்களைப் போலிருப்பார்கள்.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை, தன் தொழிலாளர்களுக்குக் காட்ட ஒரு பாதுகாப்புப் படம் கேட்டது. எங்கள் முதலாளியம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா இனிமே ரெடிமேட் உருவந்தான். வரையிற ஆளு வேணாம்."

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், என்னவென்று நினைவில்லை.

மூவரும் தொழிற்சாலைக்குப் போய்ப் படத்தைத் திரையில் போட்டோம். அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரி, ஒரு தமிழர், உடனே நிறுத்தச் சொன்னார்.

"படத்துல இவருக்கு நாலு வெரல்தான் இருக்கு. இன்னொன்னு எங்க போச்சு?"

"அது கார்ட்டூன் ஸ்டைல் சார்," என்றேன்.

"இங்க வெரல் போனா ரிப்போர்ட் எழுதணும்மா. ஸ்டைல்னு எழுத முடியாது."

ஹெல்மெட் தலையில் படாமல் மிதக்கிறதாம். மஞ்சள் மேல்சட்டை உடம்பைவிட்டு விலகியிருக்கிறதாம். விபத்து நடந்த இடத்தைச் சோதிப்பவர்போல எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"கோடெல்லாம் மூடிக் குடுத்துருங்க. ஒழுங்கா இருக்கணும்லா."

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கோடும் மூடிக்கொள்ளும். அப்போது அண்ணன் எழுந்தார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

"மூட வேணாம் சார். மூடினா ஆளு செத்துருவான்."

அதிகாரியின் பேனா நின்றது. "சாவா?"

"ஆமா சார். உடனே."

அதிகாரி திரையிலிருந்த ஆளை வெகுநேரம் பார்த்தார். "அலமாக்!" என்று தலையில் கை வைத்தார். "சாவு கேஸ் நமக்கு வேணாம்லா. தெறந்தே இருக்கட்டும். வெரல மட்டும் போட்டுக் குடுங்க."

அச்செடுத்து வந்திருந்த படத்தில் அண்ணன் அங்கேயே விரலைப் போட்டார். மற்ற நான்கையும்விட நீளமான விரல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி சிரித்துவிட்டார்.

வெளியே சாப்பாட்டுக் கடையில், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக், வந்த பிறகும் அண்ணனுக்குக் கை நடுங்கியது.

"வேல போயிருச்சுல்ல?"

"போகலண்ணே. குடிங்க."

அவர் கை நிற்கும்வரை தே தாரிக் கிளாஸின் அடியை நான் பிடித்துக்கொண்டேன்.