எல்லார் கையிலும் இருந்த அந்தப் போன்

புத்திசாலி என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டவர்கள் முட்டாள்தனத்தைக்கூட சும்மா செய்துவிட மாட்டார்கள். முறையாக ஆராய்ச்சி செய்துவிட்டுத்தான் செய்வார்கள். நான் அந்த ரகம்.

செல்போனுக்குக் கலர் திரை வந்து, ஆனால் எல்லோர் சட்டைப் பைக்கும் வந்து சேராத காலம் அது. ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நானும் நாகராஜும் வேலை பார்த்தோம். (நாகராஜ் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் மட்டும் கன்னடம்.) ஷிப்ட் முடிந்ததும் செல்போனுக்கு சாஃப்ட்வேர் எழுதி, சொந்தக் கம்பெனி ஆரம்பிக்கும் கனவில் உட்கார்ந்துவிடுவோம்.

முதல் வாய்ப்பு சொந்தத்திலேயே வந்தது. என் தாய்மாமாவுக்கு உத்தனப்பள்ளியில் ரோஜாத் தோட்டம். பெங்களூர் மார்க்கெட்டில் பூ என்ன விலைக்குப் போகிறது என்று போனிலேயே தெரிந்தால், அவரும் சுற்றுவட்டாரப் பூ விவசாயிகளும் மாதச் சந்தா கட்டத் தயார். அவர்களுக்குப் பிடித்துப்போனால் நான் வேலையை விடலாம் என்று அம்மா சம்மதித்திருந்தாள். பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் ஃபேக்டரி பஸ்தான்.

எதில் எழுதுவது என்பதில்தான் சண்டை. அப்போது எங்களுக்குத் தெரிந்த வழிகள் மூன்று. சிம்பியன் என்பது விலை உயர்ந்த பெரிய போன்களில் மட்டும் ஓடும். ஆனால் அதில் என்ன ஜாலம் வேண்டுமானாலும் காட்டலாம். ஜாவா, நடுத்தரக் கலர் போன்களில் ஓடும். இரண்டும் வேண்டாமென்றால் வெறும் எஸ்எம்எஸ்.

"எஸ்எம்எஸ் போதும் செல்வி. ரோஜான்னு அடிச்சு அனுப்பினா வெல திரும்பி வரட்டும். எந்த டப்பா போன்லயும் வரும்," என்றான் நாகராஜ், பேக்கரி பெஞ்சில் பன்னைப் பிய்த்துக்கொண்டே.

"எஸ்எம்எஸ்ஸை எல்லாம் சாஃப்ட்வேர்னு சொன்னா நாலு பேரு சிரிப்பாங்க." (அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) "சிம்பியன்தான்."

"அவங்க கையில என்ன போன் இருக்குன்னு பாத்தியா?"

நியாயமான கேள்வி. தரக்கட்டுப்பாட்டுக்காரியிடம் கேட்கலாமா அதை? மொத்தச் சரக்கில் கொஞ்சம் சாம்பிள் எடுத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதுவதுதானே எங்கள் பிழைப்பு! அதிலும் என் கொள்கை: ஆளைக் கேட்காதே, பொருளைப் பார்.

அடுத்த வாரமே ராயக்கோட்டையில் ஒரு கல்யாணம். மாமாவின் பூ விவசாய வட்டாரம் மொத்தமும் வந்திருந்தது. நான் மண்டபத்தைச் சுற்றி வந்து சாம்பிள் எடுத்தேன். வாசலில் ஒருவர் கையில் வெள்ளி நிறத்தில் பெரிய சிம்பியன் போன். பந்தியில் ஒருவர் இலைக்குப் பக்கத்தில் அதே போன். சமையல்கட்டில் ஒருவர் அதே போனில் வடைச்சட்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மேடையில் மாப்பிள்ளை கையிலும் அதே! எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்று சாப்பிட்ட பாயசத்தின் ருசிகூட நினைவில்லை.

பிறகு மாதக்கணக்கில் உழைப்பு. மாநில எல்லையில் ஜூஜூவாடிப் பக்கம் நாகராஜின் வாடகை அறைதான் எங்கள் ஆபீஸ். (அங்கே ஜன்னலோரம் நின்றால் போனில் தமிழ்நாடு, கட்டிலோரம் நின்றால் கர்நாடகா, ரோமிங் காசு.) ஒரு வரி திருத்தினால் வேறெங்கோ நாலு வரி முறைத்துக்கொள்ளும். ஆனாலும் எழுதி முடித்தோம். திரையில் ஒரு ரோஜா மொட்டு மெல்ல விரியும். நடுவிலிருந்து அன்றைய விலை எழுந்து வரும். அதைப் பார்த்து நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன்.

மாமாவின் தோட்டத்துப் பேக்கிங் கொட்டகையில் கூட்டம். விவசாயிகள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எல்லாரும் உங்க போனை எடுங்க," என்றேன்.

எடுத்தார்கள். சட்டைப் பையிலிருந்தும் மடியிலிருந்தும் சுருக்குப் பையிலிருந்தும் எடுத்தார்கள். எல்லாம் டார்ச் லைட் வைத்த குட்டிக் கறுப்பு வெள்ளை போன்கள். ஒன்றுக்கு மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"இது இல்லீங்க. அந்தப் பெரிய போனு."

"எந்தப் பெரிய போனு பாப்பா?"

"ராயக்கோட்டை கல்யாணத்துல எல்லாரும் வச்சிருந்தீங்களே!"

முன்வரிசையில் இருந்த முனியம்மாக்கா முதலில் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ பாப்பா, அது உங்க மாமா போனு! மொத நாளுதான் வாங்கினாரு. பாத்துட்டுத் தரேன்னு ஆளாளுக்கு வாங்கிப் பாத்தோம்."

"மாப்ள வரைக்கும் போயிருச்சு கண்ணு," என்றார் மாமா பரிதாபமாக. "சாயங்காலம் அதைத் தேடிப் புடிக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு."

நான் பார்த்தது அத்தனையும் ஒரே போன். அதைத்தான் மண்டபம் முழுக்கப் பின்தொடர்ந்து போயிருக்கிறேன்! நாகராஜ் கன்னடத்தில் ஏதோ சொன்னான். அர்த்தம் கேட்கும் நிலையில் நான் இல்லை. கண்ணுக்கு முன்னால் ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது.

வேறு வழியில்லாமல் மாமா போனிலேயே காட்டினேன். மொட்டு விரிந்தது, விலை வந்தது. எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்துவந்து மாமாவின் தோளில் சாய்ந்து பார்த்தார்கள். மறுபடி மறுபடி மொட்டை விரிக்கச் சொன்னார்கள்.

"சோக்கா இருக்குது பாப்பா," என்றார் முனியம்மாக்கா. "எங்களுக்கு எதுக்கு தனியா? உங்க மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கறோம்."

கேட்டார்கள். விடிந்தால் போதும், சுற்றுவட்டாரம் முழுக்க மாமாவுக்கு மிஸ்டு கால். அவர் கூப்பிட்டு விலை சொல்ல வேண்டும். அந்த வாரக் கடைசியில் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"பல்லு வெளக்க வுடமாட்டேங்கறாங்க கண்ணு. அந்தத் தம்பி என்னமோ எஸ்எம்எஸ்ஸுன்னுச்சாமே, அதையே போட்டுக் குடுத்துரு. நீ நல்லா இருப்ப."

நாகராஜ் ஒரு பழைய போனைக் கம்ப்யூட்டரோடு வயர் போட்டு இணைத்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்தான். ரோஜாவும் விரியவில்லை, ஒன்றும் விரியவில்லை. ஆனால் ரப்பர் பேண்ட் போட்ட போனுக்கும் விலை போய்ச் சேர்ந்தது. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சந்தா கட்டினார்கள். நான் வேலையை விட்ட அன்று சந்தோஷத்தில், போகிற ஃபேக்டரி பஸ்ஸுக்கு டாட்டா காட்டினேன். (டிரைவர் நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.)

கம்பெனி இன்றும் நன்றாக நடக்கிறது. ஆனால் வீட்டில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. "நம்ம தெருவுல எல்லாரும் அந்தக் காருதான் வச்சிருக்காங்க" என்று நான் ஆரம்பித்தால், "ஒரே காரு சுத்திச் சுத்தி வருதான்னு பாத்தியா?" என்பாள் அம்மா. மாமாவோ இன்னும் மோசம். எந்தக் கல்யாண மண்டபத்தில் என்னைக் கண்டாலும், தூரத்திலிருந்தே ஒரு கையில் தன் போனை உயர்த்திக் காட்டி, மறுகையில் ஒற்றை விரலை நீட்டுகிறார்.