தள்ளி அண்ணையின் வெள்ளிக்கிழமை வாசிப்பு

கிளிநொச்சியில் காணி எல்லைக்காகச் சண்டை பிடித்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஒன்றுமே இல்லாத வெற்றிடத்துக்காகச் சண்டை பிடித்தவர், நானறிய, எங்கள் தள்ளி அண்ணை ஒருவர்தான்.

ஏ-ஒன்பது வீதியில், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கணினிக்குப் புரோகிராம் எழுதுகிற ஐந்தாறு பேர், இரண்டு மின்விசிறிகள். அதில் ஒன்று சுற்றும். தள்ளி அண்ணைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிற அக்காவைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில்லை. யாருடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாலும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"கொஞ்சம் தள்ளி எழுதுங்கோ."

ஒரு நிபந்தனைக்குள் அடங்குகிற வரிகளை நாலு இடைவெளி உள்ளே தள்ளி எழுத வேண்டும், அப்போதுதான் எது எதற்குள் நிற்கிறது என்று வாசிக்கிறவருக்குத் தெரியும் என்பது அவருடைய கட்சி. கணினிக்கு இது தேவையே இல்லை. எல்லா வரிகளையும் இடது ஓரத்தில் குவித்துப் போட்டாலும் அது பேசாமல் தன் வேலையைச் செய்யும். கஜனுடைய கட்சி அது. கஜன் எங்களில் வேகமாக எழுதுகிறவன்.

"ஓடுதுதானே அண்ணை. பிறகென்ன?"

"நாயும்தான் ஓடுது. எங்க ஓடுது எண்டு பாக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமே?"

கஜன் தன் புரோகிராமில் வைக்கிற பெயர்கள் இப்படி இருக்கும்: சும்மா, சும்மா-இரண்டு, கடைசி, உண்மையான கடைசி. அதைப் பார்த்த அன்று தள்ளி அண்ணை மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. அடைப்புக்குறியை அதே வரியில் போடுவதா, அடுத்த வரியில் போடுவதா என்று ஒருமுறை இருவருக்கும் வாக்குவாதம் முற்றிப் பேச்சே நின்றுபோனது. முதுகும் முதுகும் முட்டுகிற தூரத்தில்தான் இருவரும் இருந்தார்கள். ஆனாலும் "தங்கச்சி, அவரிட்டச் சொல்லுங்கோ" என்று எல்லாம் என் வழியாகவே போய் வந்தது. தபால்காரிக்குச் சம்பளம் தனியாக வேண்டும் என்று நான் கேட்டேன். இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் கொண்டுவந்த சட்டங்களில் பெரியது வெள்ளிக்கிழமை வாசிப்பு. வெள்ளி பின்னேரம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் தடக்கினால் பிழை எழுதியவருடையது. ஆளுக்காள் ஒரே நேரத்தில் வாசித்த சத்தத்தைக் கேட்டு, மேலே ஏதோ வழிபாடு நடக்கிறது என்று நினைத்த ஹார்ட்வெயார் முதலாளி ஒரு தட்டில் அவித்த கடலை கொடுத்தனுப்பினார். தள்ளி அண்ணை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

"முதல்ல வாசிப்பு முடியட்டும். பிறகு பிரசாதம்."

அந்த நாட்களில் எங்களுடைய பெரிய வேலை தண்ணீர்முறைப் புரோகிராம். தர்மபுரம் பக்கத்துக் குளம் ஒன்றில், மழையில்லாத சிறுபோக நெல்லுக்குத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்றைக்கு யாருடைய முறையோ அவருடைய போனுக்கு மட்டும் காலையில் செய்தி போகும். எழுதியவன் கஜன்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவதில்லை. கண்ணூறு பட்டு விசா கெட்டுவிடுமாம். வெள்ளிக்கிழமை "திங்கள் சந்திப்பம்" என்பார்கள். திங்கள் பாரிஸிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கஜனும் அப்படித்தான் போனான். படத்தில் கோட் போட்டுக்கொண்டு சிரித்தான். அவன் எழுதியது மட்டும் எங்களோடு நின்றது, எல்லா வரியும் இடது ஓரத்தில்.

சிறுபோகத்தின் நடுவில் அதில் ஒரு சின்ன மாற்றம் தேவைப்பட்டது. புதிய வரியைச் சேர்த்தவர் தள்ளி அண்ணையேதான். நிபந்தனைக்குள் சேர்ப்பதாக நினைத்துச் சேர்த்தார். அந்தக் குவியலில் எது உள்ளே, எது வெளியே என்று யாருக்குத் தெரியும்? வரி வெளியே நின்றுவிட்டது. அடுத்த நாள் காலை வாய்க்கால் முழுக்க எல்லாருக்கும் ஒரே செய்தி: இன்று உங்கள் முறை.

எல்லாரும் மண்வெட்டியோடு வந்து அவரவர் வயல் மடையைத் திறந்தார்கள். தள்ளி அண்ணை மோட்டார்சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். வரம்பில் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தனை கமக்காரருக்கும் விளக்கினார்.

"இந்த வரி உள்ளுக்கு நிக்க வேணும். வெளியில நிக்குது."

"அப்ப உள்ளுக்குத் தள்ளி விடுமன்" என்றார் ஒருவர். அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருடப் பிரசாரத்தில் உடனே ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

ஆனால் வாய்க்காலின் கடைசிக் காணி இராமையாவுடையது. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கதிர் வருகிற நேரம், அவருடைய வயலுக்கு அன்று ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை. அவர் ஏசவில்லை.

"எழுதினவரு போயிட்டாரு. இனி யாரு தம்பி இதப் பாக்குறது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி தள்ளி அண்ணையை விடவே இல்லை. முழுப் புரோகிராமையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். பாதி வழியில் அவருக்கே கனடா போகும் அலுவல் சரிவரத் தொடங்கியது. மனைவி அங்கே நெடுநாளாகக் காத்திருந்தார். அப்போது அவர் செய்ததை எங்கள் ஊரில் வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள். விசா கையில் வருமுன்னமே அலுவலகத்தில் எழும்பி நின்று, "நான் போகப்போறன். அதுக்குள்ள எல்லாரும் இதை வாசிச்சுப் பழகுங்கோ" என்று அறிவித்தார்.

அவருடைய தாயார் போனில் ஏசியது எனக்கே கேட்டது. "உனக்கென்ன விசரே? ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறாய்." விசா பிந்தியது. கண்ணூறுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். "நல்லது, இன்னும் கொஞ்சம் துப்புரவாக்கலாம்" என்றார் அண்ணை.

ஒருவழியாக விசா வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை அந்தப் புரோகிராமை முழுவதும் நான்தான் வாசித்தேன். ஓரிடத்திலும் தடக்கவில்லை.

"அண்ணை, நீங்கள் போனாப்பிறகு சந்தேகம் வந்தா?"

"வராது."

"வந்தா?"

"வராத மாதிரித்தான் எழுதியிருக்கிறன், தங்கச்சி."

அவருக்கு அது பெருமை. எனக்கு அழுகை வந்தது.

சொன்னபடியே நடந்தது. ஒவ்வொரு சிறுபோகமும் இராமையாவுக்குச் செய்தி சரியாகப் போகிறது, தண்ணீரும் போகிறது. கஜன் விட்டுப்போன மற்றப் புரோகிராம்கள் இன்னும் விளங்காததால் அவனோடு வாரம் தவறாமல் கதைக்கிறோம். அவனுடைய பிள்ளைக்குப் பல்லு முளைத்ததுகூட எங்களுக்குத் தெரியும். தள்ளி அண்ணையைப் போனில் எடுக்க மட்டும் எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அங்கே ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்குகிறாராம், அதையும் இடைவெளி விட்டுத்தான் அடுக்குகிறார் என்று யாரோ சொன்னார்கள். வெள்ளி பின்னேரங்களில் அலுவலகம் சத்தமில்லாமல் கிடக்கிறது. எனக்கு அது பொறுக்க முடியவில்லை.

போன வெள்ளி எடுத்தே விட்டேன். அங்கே அப்போது காலை.

"அண்ணை, தண்ணிப் புரோகிராமில ஒரு இடம் விளங்கேல்லை."

"எந்த இடம்?" குரலில் பதற்றம்.

திரையை மேலும் கீழும் தேடினேன். விளங்காத ஓர் இடத்தைக்கூட அந்த மனிதர் எனக்கு விட்டுவைக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கிற சத்தம் கேட்டது.

"சரி தங்கச்சி. முதல் வரியில இருந்து வாசியுங்கோ. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."