கருவாட்டுப் பந்தயம்

பொது ரோட்டைத் தன் வீட்டு வாசலாக நினைக்கும் மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தில் மிக உயர்ந்த ரகம் ஒன்று உண்டு: போலீஸ் அனுமதியோடு ரோட்டை மூடிவைத்து, அதில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர். இவரை எப்படி அடையாளம் காண்பது? சிரமமே இல்லை. காரில் இல்லாத நேரத்திலும் கையுறை போட்டிருப்பார். டீ கிளாஸைக் கீழே வைத்தாலும் கியர் மாற்றுவது போலத்தான் வைப்பார். வளைவில் பிரேக் போடுகிறவன் டிரைவர், போடாதவன் ரேசர் என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். எந்தப் போட்டியிலும் அவர் தோற்றதில்லை. ரோடு தோற்றிருக்கும், டயர் தோற்றிருக்கும், வெயில் தோற்றிருக்கும்.

எங்கள் மரக்காணத்தில் இந்த ரகத்துக்கு ஒருவர்தான், சிவப்பிரகாசம். உப்பளம் குத்தகை எடுத்தவர். குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பியபோது விற்றுவிட்டுப் போன, இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். அன்று முதல் அவர் நடந்து நாங்கள் பார்த்ததில்லை, கார் ஒர்க் ஷாப்பில் இருந்த நாட்களைத் தவிர. அதாவது, பெரும்பாலும் நடந்துதான் பார்த்தோம்.

சுனாமி வந்துபோன மறு வருடம், கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈ.சி.ஆர். ரோட்டை மூடி ஒரு கார் கிளப் பந்தயம் வைத்தது. சிவப்பிரகாசம் பெயர் கொடுத்தார். புதுச்சேரியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவருடைய சகலை கலியமூர்த்தியும் கொடுத்தார். விஷயமே இங்கேதான். மூத்த மாப்பிள்ளை சிவப்பிரகாசம். ஆனால் மாமனார் வீட்டில் முதல் இலை எப்போதும் கலியமூர்த்திக்கே விழுகிறது. அந்த மாமனாரை மரக்காணத்தில் பந்தயம் முடியும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாயிற்று. கோப்பை எவனுக்கோ போகட்டும், சகலைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், முதல் இலை தன் பக்கம் திரும்ப வேண்டும். உலகத்து வீரத்தில் பாதி இப்படித்தான் பிறக்கிறது.

சுற்றுவட்டாரத்துக்குத் தகவல் சொல்லும் பொறுப்பையும் அவரே ஏற்றார். ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பினார். வாசகமும் அவருடையதுதான். மண்ணின் மைந்தர், உப்பளச் செம்மல், ஏழைகளின் தோழர் என்று அவருடைய பட்டங்கள் வரிசையாக வந்து ஓய்ந்த பிறகு, ஞாயிறு காலை பஸ், லாரி எதுவும் வராது, பொதுமக்கள் ஒத்துழைக்கவும் என்று முடிந்தது. கார் வரும் என்ற சின்ன விவரத்துக்கு மட்டும் இடம் போதவில்லை.

கடலோரக் குப்பத்தில் வேலம்மாள் இதைக் கேட்டார். கருவாடு காயவைக்கும் சிமென்ட் தளத்தைக் கடல் கொண்டுபோனதிலிருந்து, அவரும் மற்ற பெண்களும் ரோட்டோரத்தில்தான் மீனைப் பரப்பி வந்தார்கள், பஸ் சக்கரத்துக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை அள்ளிக்கொண்டு. இப்போது சூடான தார் ரோடு, பஸ் இல்லை, லாரி இல்லை. இப்படி ஒரு காலை இனி எப்போது வாய்க்கும்? அந்த வாரம் உப்பு போட்டு வைத்திருந்த நெத்திலி, வாளை எல்லாவற்றையும் கொண்டுவந்து, குப்பத்துக்குப் பக்கத்து வளைவில் ரோட்டின் முழு அகலத்துக்கும் பரப்பினார்கள். அங்கே நின்று கார்களுக்கு எச்சரிக்கைக் கொடி காட்ட வேண்டியவர் இளநீர் குடிக்கப் போயிருந்தார்.

சிவப்பிரகாசம் சகலையையும் மற்றவர்களையும் முந்தியிருந்தார். வளைவு வந்தது. கொள்கைப்படி பிரேக் போடவில்லை. பின்னால் கலியமூர்த்தியின் முகம் எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கார் மீன்மேல் ஏறி, வழுக்கி, ஒரு சுற்று சுற்றி உப்பளத்தில் மூக்கை வைத்து நின்றது. ஓரத்தில் இருந்த பெண்கள் எழுந்து ஓடித் தப்பினார்கள். கலியமூர்த்தி மணலில் இறங்கி ஒதுங்கிப் போய்விட்டார்.

முழங்கால் சேற்றோடு கரையேறிய சிவப்பிரகாசம் ரோட்டைப் பார்த்தார்.

"யாரு இங்க மீன் போட்டது? ஒழுங்கா காஞ்சிருந்தா வண்டி தாண்டியிருக்கும். எல்லாம் ஈரம்."

"காயத்தானேங்க போட்டிருக்கு" என்றார் வேலம்மாள். "வண்டி எதுவும் வராதுன்னு நீங்கதானே மைக்ல சொன்னீங்க?"

"பஸ், லாரி வராதுன்னுதான் சொன்னேன்."

அன்று மாலையே டீக்கடையில், சரியாகக் காயாத நெத்திலி எப்பேர்ப்பட்ட வீரனையும் கவிழ்த்துவிடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். காருக்கு என்ன ஆயிற்று என்று ஊரே துக்கம் விசாரித்தது. பெண்கள் சக்கரத்தில் நசுங்கிப்போன ஒரு வார மீனை முறத்தால் வாரிக் குழியில் கொட்டினார்கள். எனக்குச் சிரிப்பு அங்கே நின்றுபோயிற்று.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நமக்குக் கார் இல்லை, கையுறை இல்லை, நாம் அந்த இனம் இல்லை என்று நிம்மதியாகவும் இருப்பீர்கள். கொஞ்சம் இருங்கள். கோப்பை யாருக்குப் போனது, மாமனார் அடுத்த விருந்தில் முதல் இலையை யாருக்குப் போட்டார், இதையெல்லாம் சொல்லாமல் விடுகிறானே என்று மனசு அரிக்கிறதல்லவா? அந்த வாரம் சந்தைக்கு அந்தப் பெண்கள் எதைக் கொண்டுபோனார்கள் என்று கேட்கத் தோன்றியதா?