அளவாகக் கெடுத்த வால்வு டாக்டர்

வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ரேடியோவைப் பற்றி விசாரிக்கும் பல் மருத்துவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் இருக்கிறார். பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருக்கும். பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்யும் பைத்தியம் அவருக்கு; அதனால் பக்கத்துத் தேக்காவில் யாரைக் கேட்டாலும் வால்வு டாக்டர் என்பார்கள்.

என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே கேட்டார்: "வீட்ல பழைய ரேடியோ இருக்கா தம்பி? கால் வச்ச மரப்பெட்டி? கெட்டுக் கிடந்தா இன்னும் நல்லதுலா!"

வாய் நிறையப் பஞ்சும் குழாயும் இருப்பவன் என்ன சொல்வான்? தலையை ஆட்டிவைத்தேன். முகவரி வாங்காமல் என்னை நாற்காலியை விட்டு எழ விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவின் வீட்டு வாசலில் நெற்றியில் விளக்கோடு வந்து நின்றார்.

அப்பா இருந்த பழைய அடுக்குமாடி பிளாக்கை இடிக்கப்போகிறார்கள். எல்லோரும் காலி செய்தாயிற்று, அப்பாவைத் தவிர. பொங்கோலில் என் வீட்டில் அவருக்கு ஓர் அறை தயார். ஆனால், அம்மா போன கொஞ்ச நாளில் அந்த ரேடியோவும் ஊமையாகிவிட்டது. "அது பாடட்டும், வரேன். அதுவரைக்கும் என்னை இழுக்காதே" என்று உட்கார்ந்துவிட்டார். சாவியை ஒப்படைக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

டாக்டர் பிளக்கைப் பிடுங்கினார். "மரத்துப்போச்சு, இனி வலிக்காது" என்று பெட்டிக்கு ஆறுதல் சொன்னார். பின்பலகையைக் கழற்றி, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டார். "ஐயோ, வேர் வரைக்கும் போயிருக்குலா!" முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றே லாரி பிடித்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

திரும்பி வந்த பெட்டியில் முகம் பார்க்கலாம். சூடானதும் பாடியது பாருங்கள், அப்படியொரு சுத்தமான குரல்! அப்பா பக்கத்தில் போய் ஒரு கையைத் தூக்கியபடி நின்றார். பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு கையை இறக்கி, "இது நம்ம ரேடியோ இல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அப்பா, அதே பெட்டிப்பா! டாக்டர் ராப்பகலா..."

டாக்டர் என்னைக் கையமர்த்தினார். "அண்ணே, நீங்க எங்க தட்டுவீங்க?"

அப்பா வலது பக்கத்து மேல் மூலையைத் தொட்டுக் காட்டினார். "பாட்டு பாதியில நின்னுரும். அடுப்படி உள்ளேருந்து இவன் அம்மா 'தட்டுங்க'ன்னு கத்துவா. தட்டுவேன், பாடும். இது நிக்கவே மாட்டேங்குதே."

டாக்டர் மறுபடி லாரிக்குச் சொன்னார். பழுது பார்த்ததைவிட அதிக நாள் பிடித்தது. பொறுக்காமல் ஒருநாள் போன் செய்தேன்.

"சரி பண்றது சுலபம்லா தம்பி. அளவா கெடுக்கிறதுதான் கஷ்டம். ஷாக் அடிக்கக்கூடாது, புகையக்கூடாது, அதுவா நிக்கணும், அந்த மூலையில தட்டினா மட்டும் பாடணும்."

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "கெட்டதெல்லாம் நல்லாக்கி வீட்ல நடக்க இடமில்லாம பண்ணாரு. இப்ப நல்லதையும் கெடுக்க ஆரம்பிச்சிட்டாரு!"

இரண்டாம் முறை பெட்டி வந்தது. பாட்டு பாதியில் நின்றது. டாக்டர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நிதானமாகப் போய் மூலையில் ஒரு தட்டு தட்டினார். பாடியது. அப்பா எங்கள் பக்கம் திரும்பாமலே, "லாரி கீழ நிக்குதில்ல? போகச் சொல்லிடாதே. அப்படியே பொங்கோலுக்குப் போயிரலாம்" என்றார்.

பிடித்த வேலையை ஆசை ஆசையாய்ச் செய்து முடித்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு கிழவருக்காக அதைத் தன் கையாலேயே கெடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்று காலையும் செய்தி பாதியில் நின்றது. தோசைக் கரண்டியோடு என் மனைவி உள்ளேயிருந்து கத்தினாள்: "மாமா, தட்டுங்க!" அப்பா தட்டினார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்: டாக்டர், நீங்க நல்லா இருக்கணும்.