மே மாதத்து ஜெர்கின்

மே மாத வெயிலில் நிலவன் ஜெர்கின் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததும் ரங்கநாதனுக்கு வயிறு எரிந்தது.

ஊர் உலகமெல்லாம் ஜாக்கெட் என்கிற உடுப்புக்கு வாலாஜாபாத்தில் ஜெர்கின் என்றுதான் பெயர். ஜாக்கெட் என்றால் இங்கே புடவைக்குப் போடுவது. ஜெர்கினை மார்கழி விடியலில் பைக் ஓட்டுகிறவன் போடுவான். மற்ற மாதங்களில் அது ஆணியில் தொங்கும். ஆனால் நிலவனுடையது கருநீலம். மார்பில் தங்க நூலில் கம்பெனி பெயர். ஒரகடம் பிளான்ட்டில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது.

"ஏதுடா இது?"

"எச்.ஆர். மேடம் குடுத்தாங்கண்ணா. போட்டுப் பழகச் சொன்னாங்க."

நிலவன் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். தலைக்கனம்! ஒரே லைனில் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொண்ட பயல், இன்றைக்கு முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறான்.

வீட்டிலும் அதே ஜெர்கின் பேச்சுதான். நிலவன் குடியிருப்பது பக்கத்து வீடு.

"நிலவன் பொண்டாட்டி ஜாஸ்மின் கிட்ட கேட்டேன்," என்றாள் மனைவி ராஜலட்சுமி. "கண்ணு கலங்கிப்போச்சி அதுக்கு. பெருமையில பேச்சே வரல. நீயுந்தான் இத்தினி வருசமா போற. உனுக்கு இன்னா குடுத்தான்? ஆயுத பூஜைக்கு ஒரு டிபன் பாக்ஸ்!"

ரங்கநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சூப்பர்வைசர் ரத்தினத்திடம் கேட்டான்.

"உனுக்கு எதுக்குப்பா அது? பேசாம வேலயப் பாரு."

உனக்கு அந்த யோக்கியதை இல்லை என்றுதான் ரங்கநாதனின் காதில் விழுந்தது.

சும்மா விடுவானா? கடைத்தெருவில் அதே நிறத்தில் ஒரு ஜெர்கின் வாங்கினான். டெய்லரிடம் கொடுத்துக் கம்பெனி பெயரையும் தைத்துக்கொண்டான். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாள் மத்தியானத்துக்குள் வேர்வையில் சாயம் போய், கழுத்தும் யூனிபார்மும் நீலமாகிவிட்டன. லைனே சிரித்தது. செக்யூரிட்டி வந்து, கம்பெனி பெயரை எப்படிப் போடலாம் என்று எச்.ஆர். அறைக்கு இழுத்துப் போனார்.

பூஜா மேடம் கேள்வி கேட்பதற்குள் ரங்கநாதன் வெடித்தான்.

"நிலவனுக்கு நான்தான் மேடம் வேல கத்துக்குடுத்தேன். அவனவிட நான் சீனியர். அவனுக்குக் குடுத்தத எனுக்குக் குடுங்க!"

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி போடச் சொன்னார். காபி வந்தது.

"நெஜமாவே சொல்றீங்களா? வீட்ல ஒத்துப்பாங்களா?"

"எங்க வூட்ல அனுப்பித்தான் மேடம் வந்துகீறேன்."

"நாளைக்கே வேணும்னாலும் ரெடியா?"

"இப்பவே ரெடி!"

"எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு ஏன் சார் கவல?"

'சார்' என்ற சொல்லிலேயே ரங்கநாதன் கிறங்கிப்போனான். நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். நிலவனைக் கூப்பிட்டு, அவன் முன்னாலேயே ஜெர்கினைக் கழற்றி வாங்கி ரங்கநாதனிடம் கொடுத்தார்கள். நிலவன் ஜெர்கினையும் ரங்கநாதனையும் மாறி மாறிப் பார்த்தான். பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு கணம்தான்.

சாயங்காலம் ரங்கநாதன் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு தெருவை வேண்டுமென்றே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். ராஜலட்சுமி வாசலிலேயே திருஷ்டி கழித்தாள். பக்கத்து வீட்டில் கேட்கட்டும் என்று உரக்கவே கழித்தாள்.

கேட்டிருக்க வேண்டும். ஜாஸ்மின் கையில் கேசரிக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் ரங்கநாதனின் காலைத் தொடக் குனிந்தாள்.

"கர்த்தர்தாண்ணா உங்க ரூபத்துல வந்தாரு! இமயமலைப் பக்கம் புது பிளான்ட்டாம், மே மாசத்துலயே கம்பளி போத்திக்கினு படுக்கறாங்களாம், மூணு வருசம் பொண்டாட்டி புள்ளயக்கூடக் கூட்டினு போவக் கூடாதாம்... எங்க வூட்டுக்காரரு எப்படித் தப்பிக்கிறதுன்னு ராவெல்லாம் அழுதுகினு இருந்தாருண்ணா!"