ஈஜோக்காரர் வந்த நேரம்

காலத்தை அளந்தவர்கள் உலகில் பலர் உண்டு. அதைத் திருத்தியவர் ஒருவரே. அவர் மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் இருக்கிறார். பெயர் ரெங்கசாமி, ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதிப் பழகிய கை.

கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதையும் விடாமல் முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் 'ஆய்வு' நடத்திவந்தார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் யார் கண்ணில் படுகிறார்களோ, அவர் பெயருக்கு நேரே மணியைக் குறிப்பார். தம் பெயரை மட்டும் குறித்ததில்லை. நேரம் தவறாதவரைக் குறித்து என்ன பயன்?

முடிவு திடுக்கிட வைத்தது. எந்த விசேஷமானாலும் முதலில் கண்ணில் படுகிற, பக்கத்து ஊர் ஈஜோக்கைச் சேர்ந்த மனைவி வழி உறவினர்கள் இரண்டு மணி நேரம் தாமதம்!

"காலம் கடிகாரத்துல இல்ல வேலம்மா, மனசுல இருக்கு," என்று மனைவியிடம் அறிவித்தார். "உன் தம்பி சோமு மனசுல ரெண்டு மணி நேரம் கம்மி."

"நாம போறப்ப அவன் சாப்பிட்டு முடிச்சு மோர் குடிச்சுக்கிட்டுல்ல இருப்பான்?"

"லேட்டா வந்தவன்தான் அவசரமாச் சாப்பிடுவான்."

விஞ்ஞானத்தை அங்கேயே விட்டுவிட்டு வேலம்மா அடுப்படிக்குப் போனார்.

ஒரே மகள் பிரமிளாவுக்குக் கல்யாணம் கூடியது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்துவரை. நிறைந்த சபையில் மகள் கையைப் பிடித்துத் தாரைவார்க்க வேண்டும். ரெங்கசாமிக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை. எனவே குடும்பக் கூட்டம் கூட்டி, 'ஈஜோக் பதிப்பு' என்று தனி அழைப்பிதழ் அச்சிடத் தீர்மானம் நிறைவேற்றினார். அதில் முகூர்த்தம் ஏழு மணி.

"கார்டுல பொய் நேரமாப்பா? ஓவர் லா," என்றாள் பிரமிளா.

"பொய்யில்லம்மா. முன்கூட்டிய உண்மை."

கல்யாண நாள். எட்டு மணிக்குப் பெண்கள் புறப்பட்டார்கள். "நீங்க போங்க, நான் அஞ்சே நிமிஷம்," என்றார் ரெங்கசாமி.

மீசைக்கு மை பூசினார். அது காய ஐந்து நிமிடம். வேட்டிக்கு இஸ்திரி, அதற்கொரு ஐந்து நிமிடம். 'தாமதித்து வந்த உறவினர்களுக்கு நல்வரவு' என்ற உரையை நல்ல கையெழுத்தில் படியெடுத்தார், அதற்கும் ஐந்துதான். கைப்பேசி பதினோரு முறை அடித்தது. மனத்தை ஒருமுகப்படுத்தியவர் அதற்கெல்லாம் அசைவாரா? ஆகமொத்தம் பதினைந்து நிமிடம். சுவர்க் கடிகாரம் மட்டும் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தது.

மண்டப வாசலில் சோமு பல் குத்திக்கொண்டு நின்றார். கையில் தாம்பூலப் பை. ரெங்கசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டை விரித்தார்: 'ஈஜோக், 10.40. புதிய சாதனை.'

"மச்சான், ஏழு மணிக்கு வந்தோம் லா! மண்டபத்து கேட்டுகூடத் தொறக்கல. நாப்பது பேரு, பச்சத்தண்ணி இல்லாம வெளிய நின்னோம்."

"அப்போ தாலி?"

"ஒம்பது அம்பதுக்கே கட்டியாச்சு. ஐயரு காத்திருந்து பார்த்தாரு, முடியல. நான்தான் தாரைவார்த்தேன்."

மாலையும் கழுத்துமாக வந்த பிரமிளா, அவர் கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டினாள். முப்பத்தொரு ஆண்டு.

"அப்பா, இதுல இருக்கிறது யாரும் வந்த நேரம் இல்ல. நீங்க வந்த நேரம்."

ரெங்கசாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். விஞ்ஞானி பதறக் கூடாது.

"அஞ்சு நிமிஷம் இரும்மா. சரிபார்த்துச் சொல்றேன்."

"அந்த அஞ்சு நிமிஷத்துலதாம்பா எனக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு."