எண்பது டன் பாய்லரும் மாமியார் வீட்டு நெல்லும்

ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு ரோட்டை என்னைப்போல் அளக்க ஆளே கிடையாது என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. ராட்சத வண்டிகள் போகும் பாதையை முன்கூட்டியே பார்த்து வருவதுதான் அப்போது என் வேலை. கும்மிடிப்பூண்டியிலிருந்து எண்பது டன் பாய்லர் டிரம் ஒன்று, புதுவாயலில் திரும்பி ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு புதுத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். மின்கம்பியின் உயரம், மதகின் அகலம், புளியமரத்தில் இடிக்கப்போகும் கிளை, எல்லாவற்றையும் அளந்தேன். (டீக்கடைப் பெயர்ப்பலகையைக்கூட விடவில்லை.) அந்த ரோட்டோரம்தான் என் மாமியார் வீடு. கல்யாணமாகி இரண்டு மாதம். "கண்ணை மூடிக்கினு போலாம் அத்தை" என்று விருந்துச் சாப்பாட்டின்போது பீற்றிக்கொண்டேன்.

டிரம்முக்குப் புதுத் தார்ப்பாய் போர்த்தச் சொன்னவனும் நான்தான். "இரும்புக்கு இன்னாத்துக்கு நைனா போர்வை?" என்றார் டிரைவர் சீனு அண்ணன். "கம்பெனி மரியாதைண்ணே" என்றேன்.

போலீஸ் அனுமதி பகல் மூன்று மணிவரைதான். தாண்டினால் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள். முதலாளி என்னை ஓரங்கட்டி விடுவார்.

ஒன்றரை மணிக்கு ஒரு வளைவில் சீனு அண்ணன் பிரேக் போட்டார். எதிரே பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் அளக்கப் போனது நடவு சமயம். நட்டதை அறுப்பார்கள், அறுத்ததை இங்கேதான் காயப்போடுவார்கள் என்பது என் இன்ஜினியரிங் மூளைக்கு எட்டவில்லை.

கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதித் தள்ளினேன். "யாரும்மா அது? இன்னா, உங்க அப்பன் ஊட்டு ரோடா?"

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் முக்காட்டை விலக்கித் திரும்பினார். என் மாமியார்.

"எங்க அப்பன் ஊடு ஆரம்பாக்கத்துல கீது மாப்ள. இது நம்ம நெல்லு."

சீனு அண்ணன் ஸ்டியரிங்கில் முகம் புதைத்துக் குலுங்கினார். எனக்கு அந்த எண்பது டன்னுக்கு அடியிலேயே படுத்துவிடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் நெல் முளைவிட்டு, ஒரு போக உழைப்பும் போய்விடும். மாமனார் வயலில் அறுப்பு மெஷினோடு இருந்தார். அத்தையிடம் இருந்தது நாலு பழைய சாக்கு. வானத்தைப் பார்த்த அவர் முகம் வாடியதும் எனக்கு வேலை பயம் மறந்தே போனது.

"மாப்ள, போத்திக்கினு எடுத்தாறீங்களே, அது இன்னா சாமான்?"

"பாய்லர் அத்தை. உள்ளே தண்ணி ஊத்திக் கொதிக்க வைக்கிறது."

"தண்ணி ஊத்தற குண்டானுக்கு எதுக்குக் குடை?"

"தார்ப்பாயை அவுருங்க!" என்று கத்தினேன். வண்டியில் வந்த எட்டுப் பேரும் குதித்தோம். பலகை, முறம், வெறுங்கை (என் ஹெல்மெட்டும்தான்) என்று கிடைத்ததை வைத்து நெல்லை ரோட்டோரம் தள்ளிக் குவித்தோம். மேலே தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக் கல் வைத்தோமோ இல்லையோ, மழை கொட்டியது. நெல் நனையவில்லை. நான் தொப்பலாக நனைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் நனைந்ததே இல்லை.

அத்தை என் விசிலைப் பிடுங்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். "வா வா, அப்டியே வா! அந்தாண்ட ஒட்டு!" குவியலுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான். எதிரே வந்த ஷேர் ஆட்டோக்கள் அவர் கையைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் பின்னால் போயின. (எனக்கு ஒரு சைக்கிள்கூட ஒதுங்கியதில்லை.)

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலைக்குள் நுழைந்தோம். சொட்டச் சொட்ட நின்ற டிரம்மை மேலாளர் ஏற இறங்கப் பார்த்தார். "கழுவியே எடுத்துட்டு வந்துட்டோம் சார்" என்றேன்.

இப்போது எங்கள் கம்பெனியின் ரோடு ஆய்வுப் படிவத்தில் பாலம், கம்பி, மரத்துக்குக் கீழே 'நெல்' என்று ஒரு வரி உண்டு. சேர்த்தது நான். ஆனாலும் ஒவ்வொரு அறுவடைக்கும் அத்தை, வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் எனக்குப் போன் போடுகிறார்.

"மாப்ள, நாளைக்கு நெல்லு கொட்றோம். வானம் ஒரு மாதிரியா கீது. பெருசா எதுனா போத்தி அனுப்புங்களேன்."